காய்ச்சல் விட்டது, தலைவலி விடவில்லை: ஸ்கேன் எதைக் காட்டும்?

கேள்வி இதுதான். ஒருவர் தன் தங்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். வயது 34. கோவிட் வந்து ஏழு மாதம் ஆகிறது. காய்ச்சல் நாலு நாளில் விட்டுவிட்டது. அப்போது பிடித்த தலைவலி மட்டும் இன்றுவரை விடவில்லை. அதற்கு முன்பு தலைவலி என்று ஒரு நாள்கூடப் படுத்ததில்லையாம். எம்ஆர்ஐ எடுத்தார்கள், நார்மல் என்று வந்தது. அதிலிருந்து வீட்டில் எல்லோரும் "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். தங்கையோ, கோவிட் மூளையைச் சுருக்குகிறது என்று எங்கோ படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறாள். இன்னும் நல்ல மெஷினில் ஒரு ஸ்கேன் எடுத்தால் காரணம் தெரிந்துவிடுமா என்று கேட்கிறார்.

எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அதனால் முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கையின் வலி உண்மையானது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று எழுதியிருப்பதால் அது பொய்யாகிவிடாது. அதேபோல, கோவிட்டுக்குப் பிறகு மூளையில் மாற்றங்கள் தெரிந்ததாக ஆய்வுகள் சொல்வதும் உண்மை. ஆனால் அதை வைத்து உங்கள் தங்கையின் மூளை கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் விஷயமே. வீட்டில் எல்லோரும் அதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தலைவலி தங்கிவிடுவது கோவிட்டோடு வந்த புதுமை இல்லை. திடீரென்று ஒரு நாள் ஆரம்பித்து, அன்றிலிருந்து ஓயாமல் தினமும் நீடிக்கும் தலைவலியை 1986-இல் வால்டர் வனாஸ்ட் என்ற மருத்துவர் தனி வகையாக விவரித்தார். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு வலி ஆரம்பித்த தேதியே ஞாபகம் இருக்கும். "தீபாவளிக்கு மறுநாள் காலையில் பிடித்தது" என்று சொல்வார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பெரும்பாலும் அப்படித் தேதி சொல்வதில்லை. அடுத்த ஆண்டே, 1987-இல், வனாஸ்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த வகைத் தலைவலி உள்ள 32 பேரைப் பரிசோதித்து, 84% பேரிடம் எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸ் சுறுசுறுப்பாக இருந்த தடயத்தைக் கண்டார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றவர்களிடம் அது 25% தான். வைரஸ் ஒன்று வந்துபோன பின் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தலைவலிக்குச் சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனி இடமே உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத வியாதி ஒன்று உங்கள் தங்கைக்கு வந்துவிடவில்லை.

கோவிட்டில் இது எவ்வளவு பேருக்கு வருகிறது? காய்ச்சலின்போது தலைவலி இருந்த 905 பேரைப் பின்தொடர்ந்த தரவு ஒன்று இருக்கிறது. பாதிப்பேருக்கு இரண்டு வாரத்துக்குள் வலி போய்விட்டது. மூன்று மாதம் கழித்தும் 19% பேருக்கு இருந்தது. ஒன்பதாவது மாதத்தில் 16%. இந்த எண்களை நான் மென்மையாக்கிச் சொல்ல விரும்பவில்லை. மூன்று மாதத்தைத் தாண்டிய தலைவலி தானாக அவ்வளவு சீக்கிரம் போவதில்லை என்பதைத்தான் இவை காட்டுகின்றன. "பொறுத்துக்கொள், போய்விடும்" என்று ஏழாவது மாதத்திலும் சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை. இந்த நிலைக்கு வைத்தியம் வேண்டும்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம்.

மூளைக்குத் தன் வலி தெரியாது. மண்டையைத் திறந்து மூளையைத் தொட்டால்கூட நோயாளிக்கு உறைக்காது. வலியை உணர்வது மூளையைப் போர்த்தியிருக்கும் உறையும், அதில் ஓடும் இரத்தக்குழாய்களும். முகத்துக்கும் நெற்றிக்கும் வரும் முக்கிளை நரம்பின் கிளைகள்தான் அந்த உறைக்கும் போகின்றன. மூக்கின் உள்சவ்வுக்கும் அதே நரம்புதான். கோவிட் வைரஸ் முதலில் குடியேறும் இடம் மூக்கு. அங்கே கிளம்பும் அழற்சியும், உடல் முழுக்கச் சுற்றும் அழற்சி வேதிப்பொருட்களும் அந்த நரம்பை உசுப்பிவிடுகின்றன என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வைரஸ் போன பிறகும் சிலருக்கு அந்த நரம்பும், அது போய்ச் சேரும் மூளைத்தண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சின்னத் தூண்டலுக்கும் பெரிய வலி என்ற நிலையிலேயே நின்றுவிடுகின்றன.

அப்படி நரம்பு உசுப்பேறி நிற்பதை எம்ஆர்ஐ படத்தில் பார்க்க முடியாது. நான் ஒரு தலைவலி நோயாளியின் படத்தைப் பார்க்கும்போது தேடுவது வேறு: கட்டி இருக்கிறதா, இரத்தக்கசிவு இருக்கிறதா, சீழ் இருக்கிறதா, சைனஸ் அடைத்திருக்கிறதா, மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறதா, சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கிறதா. நார்மல் என்று நான் எழுதினால் இவை எதுவும் இந்தப் படத்தில் தெரியவில்லை என்று மட்டும்தான் பொருள். இந்த நோயாளிக்கு வலி இல்லை என்று நான் ஒரு நாளும் எழுதியதில்லை, எழுதவும் முடியாது. ஆனால் அந்த ஒரு சொல் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அப்படித்தான் ஆகிவிடுகிறது. என் ரிப்போர்ட்டைக் காட்டியே ஒரு பெண்ணை அவள் குடும்பத்தார் நடிக்கிறாள் என்று சொன்னதை ஒருமுறை கேட்டேன். அதிலிருந்து, நேரில் வருகிற எல்லோரிடமும் இதை ஒரு வார்த்தை விளக்கிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அப்படியானால் ஆய்வாளர்கள் மட்டும் எப்படி மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள்? அவர்கள் பார்க்கும் விதமே வேறு. மருத்துவமனையில் எடுக்கும் படத்தில் ஒவ்வொரு வெட்டும் பொதுவாக நாலைந்து மில்லிமீட்டர் கனம். மூளையின் வெளி அடுக்கான மேற்புறணியோ சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர்தான். அதில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் குறைந்தால் எந்த டாக்டரின் கண்ணுக்கும் தெரியாது. ஆய்வில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடிப்பொடியாகப் படம் எடுத்து, கணினியில் ஒவ்வொரு இடத்தின் கனத்தையும் அளந்து, ஒரு குழுவின் சராசரியை இன்னொரு குழுவின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள்.

உங்கள் தங்கையின் நிலைக்கு மிக நெருக்கமானது ஸ்பெயின் நாட்டு வல்லடோலிட் நகரத்து ஆய்வாளர்கள் செய்தது. ஆல்வரோ பிளாஞ்சுவேலோ-கோமெஸ், டேவிட் கார்சியா-அசோரின் உள்ளிட்ட குழு. மொத்தம் 167 பேர். அதில் 40 பேர் கோவிட் வந்து குணமாகி, தலைவலி மட்டும் நீடித்தவர்கள். முன்பு தலைவலியே இல்லாதவர்கள், உங்கள் தங்கையைப் போல. 41 பேர் ஆரோக்கியமானவர்கள். எப்போதாவது ஒற்றைத் தலைவலி வருபவர்கள் 43 பேர், மாதத்தில் பாதி நாள் தலைவலியோடு வாழும் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 43 பேர். இந்த நான்கு குழுவையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததுதான் இந்த ஆய்வின் பலம். வெறும் கோவிட் நோயாளியையும் ஆரோக்கியமானவரையும் ஒப்பிட்டிருந்தால், தெரியும் மாற்றம் வைரஸால் வந்ததா, தலைவலியால் வந்ததா என்ற கேள்வியைக்கூட எழுப்பியிருக்க முடியாது.

அவர்கள் கண்டது இது. ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால், கோவிட்டுக்குப் பின் தலைவலி நீடித்தவர்களுக்கு முன்மூளையின் கீழ்ப்பகுதியிலும், காதுப் பக்கத்து மூளையின் அடிப்புறத்திலும் மேற்புறணியின் கனமும் கொள்ளளவும் சற்றுக் குறைந்திருந்தன. நரம்பு நார்க்கட்டுகளிலும் மாற்றம் இருந்தது, முக்கியமாக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பெரிய பாலத்தில். இந்த நார்க்கட்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நரம்பு நார்களுக்குள் இருக்கும் தண்ணீர், வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மாதிரி, நாரின் நீளத்துக்கு ஓடும். பக்கவாட்டில் வரப்பு தடுத்துவிடும். வரப்பு இளகினால் தண்ணீர் பக்கவாட்டில் கசியும். எம்ஆர்ஐ-யின் ஒரு சிறப்பு முறையால் தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கலாம். இந்த நோயாளிகளுக்குப் பக்கவாட்டு நகர்வு கூடியிருந்தது, நீளவாக்கில் போகும் ஒழுங்கு குறைந்திருந்தது. அதாவது நாரைச் சுற்றியுள்ள உறை முன்பிருந்த கட்டுக்கோப்பில் இல்லாமல் இருக்கலாம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களோடு ஒப்பிட்டபோது, கோவிட் தலைவலிக்காரர்களின் மேற்புறணி பல இடங்களில் அவர்களைவிட நன்றாகவே இருந்தது. மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகளில் மட்டும் கொள்ளளவு குறைவு. மொத்தத்தில் ஆய்வாளர்கள் சொன்னது, இவர்களின் மூளை ஆரோக்கிய நிலைக்கும் ஒற்றைத் தலைவலி நிலைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது என்று. ஒற்றைத் தலைவலியோடு வாழ்பவர்கள் எத்தனை பேர் உங்களுக்குத் தெரியும்? ஆசிரியர், நடத்துநர், வங்கி ஊழியர், நம் வீட்டு அத்தை, சித்தி. அவர்களில் யாரையும் நாம் மூளை சேதமானவர் என்று சொல்வதில்லையே. உங்கள் தங்கைக்கு இதை அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம், மூளை சுருங்குகிறது என்ற அந்தச் செய்தி. அது 2022 மார்ச்சில் நேச்சர் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் க்வெனெல் டுவோ தலைமையில் செய்தது. அதை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் இருந்தவர்களுக்குக் கோவிட் வருவதற்கு முன்பே ஒரு ஸ்கேன் எடுத்து வைத்திருந்தது. அப்படி ஒரு வாய்ப்பு ஆய்வில் கிடைப்பதே அரிது. 51 முதல் 81 வயதுக்குட்பட்ட 785 பேர். இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவில் 401 பேருக்குக் கோவிட் வந்தது, 384 பேருக்கு வரவில்லை. கோவிட் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு லேசான நோய்தான்; மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 15 பேர் மட்டுமே. நோய் வந்து சராசரியாக 141 நாள் கழித்து எடுத்த இரண்டாவது ஸ்கேனில், கோவிட் வராதவர்களைவிட இவர்களுக்குச் சில இடங்களில் 0.2 முதல் 2% வரை கூடுதல் இழப்பு தெரிந்தது. அந்த இடங்கள் பெரும்பாலும் வாசனை உணர்வோடு தொடர்புள்ளவை.

செய்தியில் விட்டுப்போனவை சில. அந்த ஆய்வு தலைவலியைப் பற்றியதே இல்லை. அதில் இருந்தவர்கள் நடுவயதும் முதுமையும்; உங்கள் தங்கைக்கு 34. வாசனை தெரியாமல் போனதால் அந்தப் பகுதிகளுக்கு வேலை குறைந்து அவை மெலிந்திருக்கலாம் என்ற சாத்தியத்தையும் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். வேலை குறைந்து மெலிந்த பகுதி, வேலை வந்தால் திரும்பத் தேறவும் கூடும். இன்னொன்று, இது குழுவின் சராசரி. இரண்டு ஊர்க்காரர்களை நிறுத்தி அளந்தால் ஓர் ஊரின் சராசரி உயரம் அரை சென்டிமீட்டர் குறைவாக இருக்கலாம். அதை வைத்து, தெருவில் போகும் ஒருவரைப் பார்த்து இவர் எந்த ஊர் என்று சொல்ல முடியுமா? மூளையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளுக்குக் காலையிலும் மாலையிலும், தண்ணீர் குடித்திருப்பதற்கும் குடிக்காமல் இருப்பதற்கும்கூட அளவீட்டில் சின்ன வித்தியாசம் வரும். அதனால்தான் இன்னும் நல்ல மெஷின் உங்களுக்கு விடை தராது. எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கேன் எடுத்தாலும், கோவிட்டுக்கு முன் உங்கள் தங்கையின் மூளை எப்படி இருந்தது என்ற படம் நம்மிடம் இல்லை.

மற்ற வகை ஸ்கேன்களைப் பற்றியும் யாராவது சொல்லியிருக்கலாம். மூளை எவ்வளவு சர்க்கரையைப் பயன்படுத்துகிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனில், பிரான்சின் மார்செய் நகரில் 2021-இல் 35 நோயாளிகளிடம் மூளைத்தண்டு, சிறுமூளை, வாசனைப் பகுதிகளில் பயன்பாடு குறைந்திருப்பதாகக் கண்டார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் 14 பேரிடம் அதே கேள்வியோடு ஸ்கேன் செய்து பார்த்தபோது சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. மருத்துவமனையில் தீவிரக் கோவிட்டோடு இருந்த 30 பேரை மிகச் சக்திவாய்ந்த 7 டெஸ்லா எம்ஆர்ஐ-யில் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2024-இல் வந்தது. அதில் மூளைத்தண்டில் அழற்சியின் சாயல் தெரிந்தது. நாலு நாள் காய்ச்சலோடு வீட்டில் இருந்த ஒருவருக்கு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இப்போது முக்கியமான கேள்வி. மேற்புறணி மெலிந்ததால் வலி வருகிறதா, வலி நீடித்ததால் மேற்புறணி மெலிகிறதா? இதற்கு நல்ல தடயம் கோவிட்டுக்கு வெகு காலம் முன்பே கிடைத்துவிட்டது. 2009-இல் ஜெர்மனியில், விபத்தில் கழுத்து உலுக்கப்பட்ட 32 பேரைத் தொடர்ந்து ஸ்கேன் செய்தார்கள். தலைவலி நாள்பட்டதாக மாறியவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் வலியைக் கையாளும் பகுதிகளில் சாம்பல் திசு, அதாவது நரம்பு செல்கள் நிறைந்த திசு, குறைந்திருந்தது. ஒரு வருடம் கழித்து, தலைவலி நின்றபோது, அந்தக் குறைவும் மறைந்திருந்தது. அதே ஆண்டில் இன்னொரு ஜெர்மன் குழு இடுப்பு மூட்டுத் தேய்மானத்தால் வருடக்கணக்காக வலித்தவர்களைப் பார்த்தது. அவர்களுக்கும் சாம்பல் திசு குறைவு. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்து வலி போன 10 பேரை மறுபடி ஸ்கேன் செய்தார்கள், குறைந்த இடங்களில் திசு கூடியிருந்தது. மூட்டை மாற்றினார்கள், மூளை தேறியது! படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோவிட் தலைவலிக்கு இப்படி முன்னும் பின்னும் பார்த்த பெரிய ஆய்வை நான் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் ஸ்கேனில் மெலிவு என்றால் செத்துப்போன செல்கள் என்று நினைப்பது தவறு என்பதற்கு இந்த இரண்டும் போதும். வலியைக் குறைப்பதுதான் மூளைக்கும் மருந்து.

அதனால் ஸ்கேனுக்கு வைத்திருக்கும் பணத்தை வேறு இடத்தில் செலவு செய்யுங்கள். முதலில் ஒரு கண் டாக்டர். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மண்டைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் சாதாரண எம்ஆர்ஐ நார்மல் என்று வரக்கூடும், கண் நரம்பு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே வீக்கம் இருந்தாலோ, படுத்தால் வலி கூடுகிறது, இருமினால் மண்டை பிளக்கிறது, குனியும்போது சில நொடி பார்வை இருள்கிறது என்று அவள் சொன்னாலோ, அப்போது இன்னொரு ஸ்கேன் தேவைதான். அது சிரைகளைப் பார்க்கும் எம்ஆர் வெனோகிராம். கோவிட்டுக்குப் பின் மூளைச் சிரையில் இரத்தம் உறைவது அரிது, ஆனால் நடக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடும், எனவே அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சல் திரும்புவது, கழுத்து விறைப்பது, எடை இறங்குவது, வலிப்பு, கை கால் மரத்துப்போவது இருந்தால் நாள் கடத்தக் கூடாது. நம் நாட்டில் காசநோய் மூளையுறைக் காய்ச்சல் இப்படிப் பையப் பைய வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு முகத்தில் ஒரு பக்க வலியோ, மூக்கில் கறுப்பாக வடிவதோ, கண் வீக்கமோ இருந்தால் அன்றே ஓட வேண்டும். 2021-இல் கறுப்புப் பூஞ்சையில் நாம் பட்டது போதும்.

அடுத்தது மாத்திரைக் கணக்கு. ஏழு மாதமாக வலிக்கிறவர் மருந்துக்கடையில் எதையாவது வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இருப்பார், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாரசிட்டமால் மட்டும் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த தலைவலி மாத்திரை 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதம் தாண்டினால், அந்த மாத்திரையே தலைவலியைப் போகவிடாமல் பிடித்து வைக்கும். வைரஸ் ஆரம்பித்ததை மாத்திரை தொடர்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த ஸ்கேனிலும் இது தெரியாது, ஒரு காலண்டரில் தெரிந்துவிடும்.

வைத்தியத்தைப் பொறுத்தவரை, இந்தத் தலைவலிக்கென்று தனி மருந்து இல்லை. நரம்பியல் மருத்துவர் வலியின் குணத்தைப் பார்ப்பார். தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போலவா, அல்லது துடிப்பு, குமட்டல், வெளிச்சம் பிடிக்காமை இருக்கிறதா என்று. அதற்கேற்ப அமிட்ரிப்டிலின், ப்ரோப்ரனலால், டோபிரமேட் போன்ற தடுப்பு மருந்துகளில் ஒன்றைக் குறைந்த அளவில் ஆரம்பிப்பார். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் தரும் மருந்து. சீட்டைப் பார்த்துவிட்டு, "பார், டாக்டரே மனசு மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்" என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். தலைவலிக்குக் கொடுப்பது மிகச் சிறிய அளவு, இரவில் ஒரு வேளை, வலி நரம்பைத் தணிப்பதற்காக. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் நிறுத்திவிட்டு இதுவும் பலிக்கவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

டாக்டரிடம் போகும்போது பழைய எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், படங்கள் உள்ள சிடியையும் எடுத்துப் போங்கள். வெண்திசுவில் சின்னச் சின்னப் புள்ளிகள் என்று ஏதாவது எழுதியிருந்தால் பயப்படாமல் அதைக் காட்டிக் கேளுங்கள். தலைவலிக்காரர்களிடம் அடிக்கடி காணப்படும், பெரும்பாலும் பொருட்படுத்தத் தேவையில்லாத புள்ளிகள் அவை. கூடவே நாலு வாரத்துக் கணக்கு ஒன்று: எந்த நாள் வலித்தது, பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை, எத்தனை மணிக்குத் தூங்கினாள். முடிந்தால் நீங்களும் உடன் போங்கள். வீட்டில் நம்புகிறவர் ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாமல் விட்டதையும் அவள் டாக்டரிடம் சொல்லுவாள்.